ஜெல்கோட்டை நடுவில் மட்டும் கலக்காதீர்கள்

தேவனாம்பட்டினம், கடலூர் முதுநகர் பக்கம் ஃபைபர் படகு பழுது பார்ப்பவர்களுக்கு: ஜெல்கோட் (ஃபைபரின் வெளிப்புறப் பூச்சு) கலக்கும்போது தண்ணீர் மாதிரி முழுதாகச் சுழலாது. அதிலுள்ள நுண் சிலிக்கா பின்னிப் பிடித்திருப்பதால் குச்சியை ஒட்டிய பகுதி மட்டும் இளகி ஓடும். டப்பா ஓரம் அசையாமல் நிற்கும். அங்கே கேட்டலிஸ்ட் (ஜெல்கோட்டை இறுக வைக்கும் திரவம்) போய்ச் சேராது. மேலே ரெசின் பூசியதும் அதிலிருக்கும் ஸ்டைரின் என்ற கரைப்பான் ஊறி, சரியாக இறுகாத அந்த இடத்தில் சுருக்கம் விழுந்துவிடும்.

கிலோவுக்கு 15–20 கிராம் கேட்டலிஸ்ட். டப்பாவில் வேறு அளவு போட்டிருந்தால் அதுதான் கணக்கு. தட்டையான கரண்டியால் ஓரத்தையும் அடியையும் வழித்து வழித்து 2 நிமிடம், மெதுவாக. வேகமாகச் சுற்றினால் காற்றுக் குமிழிதான் மிச்சம். பிறகு வேறு டப்பாவுக்கு மாற்றி இன்னொரு தடவை கலக்குங்கள். கோபால்ட்டையும் (இறுகுவதை வேகப்படுத்தும் திரவம்) கேட்டலிஸ்ட்டையும் நேரடியாக ஒன்றாக ஊற்றவே கூடாது, வெடிக்கும்.