லா சப்பலிலிருந்து முக்கால் மணிநேரத்தில் ஓர் ஆற்றங்கரை ஊர்: புதிதாக வந்தவர்களுக்கு லீல்-அதாம்

பிரான்சுக்குப் புதிதாக வந்து சேர்ந்த நம்மவர்கள் பலருக்கு, முதல் ஓரிரு ஆண்டுகளில் தெரிந்த பிரான்ஸ் என்பது பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பல் கடைத்தெருவும், வேலை செய்யும் உணவகத்தின் சமையற்கட்டும், வதிவிட அனுமதி தரும் பிரிபெக்சர் அலுவலக வாசலும், இவற்றுக்கிடையே ஓடும் மெட்ரோவுமாகவே இருக்கிறது. வேலையும் விசா அலைச்சலும் மனிதரை அதற்கு மேல் நகர விடுவதில்லை என்பது உண்மைதான். ஆனாலும் வாரத்தில் கிடைக்கும் அந்த ஒரு விடுமுறை நாளில், மாதம் ஒருமுறையாவது, பாரிசுக்கு வெளியே ஓர் ஆற்றங்கரைச் சிற்றூருக்குப் போய்வர வேண்டும் என்று நான் வற்புறுத்திச் சொல்வேன். காற்றும் பசுமையும் அதற்கு ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், நீங்கள் மொழி வகுப்பில் படித்த பிரெஞ்சைப் பேசிப் பார்க்க ஏற்ற இடம் சிற்றூரே என்பது. பாரிசில் கடைக்காரருக்கும் அவசரம், பின்னால் நிற்பவருக்கும் அவசரம். சிற்றூரில் நீங்கள் திக்கித் திணறி ஒரு வசனத்தை முடிக்கும்வரை எதிரில் நிற்பவர் பெரும்பாலும் காத்திருப்பார்.

அதற்கு நான் பரிந்துரைக்கும் ஊர், வல்-துவாஸ் மாவட்டத்தில் உவாஸ் ஆற்றங்கரையில் இருக்கும் லீல்-அதாம். லா சப்பலிலிருந்து நடந்து போகக்கூடிய கார் து நோர் நிலையத்திலேயே இதற்கான தொடருந்து புறப்படுகிறது என்பதால், வழி தெரியாது என்ற அச்சத்துக்கு இடமில்லை.

முதலில் பயணச்சீட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நவிகோ என்ற மாதாந்தப் பயண அட்டை வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பயணத்துக்கு மேலதிகச் செலவு எதுவும் இல்லை. 2015 செப்டம்பரிலிருந்து முழு நவிகோ அட்டை, பாரிசும் அதைச் சுற்றியுள்ள மாவட்டங்களும் அடங்கிய இல்-து-பிரான்ஸ் பிராந்தியம் முழுவதற்கும் ஒரே விலையில் செல்லுபடியாகிறது. ஏற்கெனவே பணம் கட்டிய அட்டையை வைத்துக்கொண்டு லா சப்பலுக்கும் வேலைத்தலத்துக்கும் மட்டுமே போய்வருவது, வாங்கிய உரிமையில் பாதியைப் பயன்படுத்தாமல் விடுவதாகும். அந்தக் கட்டணத்தில் பாதியை முதலாளி திருப்பித் தர வேண்டும் என்பது இந்நாட்டுச் சட்டம் என்பதையும், சம்பளப் பத்திரத்தில் அது சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பதையும் இங்கேயே நினைவூட்டுகிறேன். அட்டை இல்லாதவர்கள் தனிச் சீட்டு வாங்கலாம். 2025 ஜனவரியில் தொடருந்து, மெட்ரோ, ஆர்.இ.ஆர். என்ற புறநகர் விரைவுத் தொடருந்து மூன்றுக்கும் தூரம் பாராமல் ஒரே விலையாக 2.50 யூரோ என்று வந்தது. விலை ஆண்டுதோறும் ஜனவரியில் மாறக்கூடும் என்பதால் புறப்படுமுன் பார்த்துக்கொள்ளுங்கள். மாதாந்த அட்டை இருந்தாலும் ஒவ்வொரு முறையும் அதை இயந்திரத்தில் தொட்டே ஆக வேண்டும். கார் து நோரில் கதவு திறப்பதற்காக எப்படியும் தொடுவீர்கள். சிறிய நிலையங்களில் கதவு இல்லாமல், மேடைக்குப் போகும் வழியில் ஒரு தூண்மட்டும் நிற்கும். திரும்பி வரும்போது அதைக் கவனிக்காமல் ஏறிவிட்டுப் பரிசோதகரிடம் தண்டம் கட்டியவர்கள் நம்மிடையே நிறையப் பேர்.

அடுத்தது, சரியான தொடருந்தைப் பிடிப்பது. நீங்கள் ஏற வேண்டியது எச் வழித்தடம். கார் து நோரில் அதற்கான மேடைகள் நிலையத்தின் ஒரு பக்கத்தில், 30 முதலான எண்களில் இருக்கின்றன. இந்த வழித்தடம் மரக்கிளைபோலப் பிரிந்து போவதால், கடைசி நிலையத்தின் பெயரை மட்டும் நம்பி ஏறக்கூடாது. பெர்சான்-போமோன் என்று எழுதியிருக்கும் தொடருந்துகள் இரண்டு வெவ்வேறு பாதைகளில் போகின்றன: வல்மோந்துவா வழியாகப் போவது லீல்-அதாமில் நிற்கும், மோன்சூ வழியாகப் போவது அந்தப் பக்கமே வராது. ஆகவே மேடையில் தொங்கும் திரையில், நிறுத்தங்களின் பட்டியலில் லீல்-அதாம் – பார்மன் என்ற பெயர் இருக்கிறதா என்று பார்த்த பிறகே ஏறுங்கள். தவறி மோன்சூ வழி வண்டியில் ஏறிவிட்டாலும் பதற வேண்டியதில்லை. கடைசி நிலையமான பெர்சான்-போமோன்வரை போய், அங்கே பொந்துவாஸ் நோக்கிப் போகும் வண்டிக்கு மாறினால் அடுத்தடுத்த நிறுத்தங்களில் லீல்-அதாம் வந்துவிடும். வார இறுதிகளில் பாதைத் திருத்த வேலைகள் நடந்து, தொடருந்துக்குப் பதிலாகப் பேருந்து விடப்படுவதும் உண்டு என்பதால், முதல் நாள் இரவே இல்-து-பிரான்ஸ் மொபிலிதே செயலியில் நேரத்தைப் பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.

நிலையம் இருப்பது ஆற்றின் மறுகரையில், பார்மன் என்ற பக்கத்து ஊரில். அங்கிருந்து சில நிமிடம் நடந்தால் ஆறு. இங்கே உவாஸ் ஆறு தீவுகளால் பிரிந்து ஓடுகிறது. ஒரு பாலம் முடிந்ததும் தீவு, தீவு முடிந்ததும் அடுத்த பாலம் என்று தாண்டித்தான் ஊருக்குள் போக வேண்டும். அவற்றில் கபுயே என்ற பழைய கற்பாலத்தில் சற்று நின்று பாருங்கள். பெல்ஜியத்தில் பிறந்து தெற்கு நோக்கி வந்து, கோன்பிளான் என்ற இடத்தில் சேன் ஆற்றோடு கலக்கும் இந்த ஆறு இன்றும் உழைக்கிற ஆறுதான். மணலும் தானியமும் ஏற்றிய நீண்ட சரக்குப் படகுகள் இதில் போய்வருகின்றன. படகின் பின்புறத்தில் படகோட்டியின் வீடு இருக்கும். சன்னலில் திரைச்சீலை, பூச்சட்டி, படகின் மேல்தளத்தில் ஏற்றி நிறுத்திய ஒரு சிறிய கார். ஊரை ஒட்டி ஒரு நீர்ப்பூட்டு இருக்கிறது. படகு உள்ளே வந்ததும் பின்கதவு மூடி, நீர் மெல்ல ஏறவோ இறங்கவோ செய்து, அடுத்த மட்டத்துக்கு வந்ததும் முன்கதவு திறக்கும். பிள்ளைகளோடு போகிறவர்கள் இதைக் காட்டத் தவறக்கூடாது.

ஆற்றைப் பார்த்ததும் இறங்கிக் குளிக்கத் தோன்றும். ஆற்றிலும் குளத்திலும் குளித்து வளர்ந்தவர்கள் நாம். இங்கே அது கூடாது. கரையில் பெரும்பாலும் குளிக்கத் தடை என்ற பலகை இருக்கும். பலகை இல்லாவிட்டாலும் இறங்காதீர்கள். மேலே அமைதியாகத் தெரியும் நீர், சரக்குப் படகு போகும்போது அடியில் இழுக்கும். கோடையில்கூட உள்ளே குளிர் கடுமையாக இருக்கும். நீந்தத் தெரிந்த இளைஞர்களே இந்நாட்டு ஆறுகளிலும் ஏரிகளிலும் உயிரிழந்திருக்கிறார்கள் என்பதால் இதைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். தூண்டில் போடுவதற்கும் மீன்பிடி அட்டை வேண்டும். அதை இணையத்தில் வாங்கலாம், ஒரு நாளுக்கான அட்டையும் உண்டு.

நீந்த விரும்புகிறவர்களுக்கு இவ்வூரிலேயே, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆற்றங்கரையில் அமைத்த ஒரு கடற்கரை இருக்கிறது. மணல் பரப்பி, வரிசையாக மரக் குடில்கள் கட்டி, கடலுக்குப் போக வசதியில்லாத பாரிஸ்வாசிகள் அக்காலத்தில் தொடருந்தில் வந்து இறங்கிய இடம் இது. இப்போது நீச்சல் தடாகங்களில்தான். கோடைகாலத்தில் மட்டும், கட்டணத்தோடு. பிரான்சின் பொதுத் தடாகங்களில் ஆண்களுக்குத் தொளதொளத்த அரைக்காற்சட்டை பொதுவாக அனுமதி இல்லை, உடலோடு ஒட்டிய நீச்சலுடைதான் வேண்டும். சட்டையோடும் சுடிதாரோடும் நீரில் இறங்கவும் விடமாட்டார்கள். வாசல்வரை போய் மனவருத்தத்தோடு திரும்பாமலிருக்க இதைக் குடும்பத்தாரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

இனி, ஊருக்குள் நடந்துகொள்ளும் முறை. கடைக்குள் கால் வைத்ததும் முதல் வார்த்தை பொன்ஜூர். கேள்வி கேட்பதற்கு முன்பும், வரிசையில் உங்கள் முறை வந்ததும், பேருந்துச் சாரதியிடமும் அதுதான். பாரிசில் இதை விட்டால் யாரும் பெரிதாகக் கவனிக்காமல் போகலாம். சிற்றூரில் வணக்கம் சொல்லாமல் நேரே பொருளைக் கேட்டால் மரியாதை தெரியாதவர் என்றே நினைப்பார்கள், முகமும் மாறிவிடும். அந்த முக மாற்றத்தை நிறவெறி என்று எண்ணி மனம் நொந்துபோன புதியவர்களை நான் அறிவேன். நிறவெறி இந்நாட்டில் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அடுத்த முறை வணக்கம் சொல்லி நுழைந்து பாருங்கள், அதே மனிதர் வேறு மனிதராகத் தெரிவார். பாண் கடையில் வரிசையில் நின்று, முறை வந்ததும் “பொன்ஜூர் மதாம், யூன் த்ரதிசியோன் சில்வூப்ளே” (வணக்கம் அம்மா, ஒரு த்ரதிசியோன் பாண் தாருங்கள்) என்று கேளுங்கள். அவர் நீளப் பாணை எடுத்து நடுவில் மட்டும் ஒரு மெல்லிய தாளைச் சுற்றித் தருவார். மேலும் ஏதாவது வேண்டுமா என்று கேட்பார். காசை நீட்டியதும் நல்ல நாளாகட்டும் என்று வாழ்த்துவார். நீங்களும் மெர்சி, ஓர்வுவார் (நன்றி, போய்வருகிறேன்) என்று சொல்லி வெளியே வந்து, சூடான முனையைக் கிள்ளித் தின்றுகொண்டே நடக்கலாம். இங்கே எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

ஞாயிறு காலையில் இவ்வூரில் சந்தை கூடும். காய்கறி, பழம், மீன், பாலாடைக்கட்டி என்று பார்க்கவே நிறைவாக இருக்கும். நம் சந்தைகளில் தொட்டு, அழுத்தி, முகர்ந்து தெரிவு செய்வோம். இங்கே பல கடைகளில் விற்பவரே எடுத்துத் தருவார் என்பதால், மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று ஒரு நிமிடம் பார்த்துவிட்டுக் கையை நீட்டுங்கள். இன்றைக்குச் சாப்பிடவா நாளைக்கா என்று அவர் கேட்டு, அதற்கேற்ற பழமாகத் தேர்ந்தெடுத்துத் தருவதும் உண்டு.

மதியத்துக்குப் பிறகு நேரம் வேறு மாதிரி ஓடும். சிறிய கடைகள் பன்னிரண்டரை மணியளவில் மூடி, இரண்டரை அல்லது மூன்றுக்குத்தான் திறக்கும். ஞாயிறு பிற்பகலில் பெரும்பாலும் திறப்பதே இல்லை. உணவகங்களில் மதியச் சாப்பாடு இரண்டு மணியோடு முடிந்துவிடும் என்பது அங்கே வேலை செய்கிற உங்களுக்கே தெரியும். ஆகவே சோற்றுப் பார்சலையும் தண்ணீரையும் கையோடு கொண்டுபோவதே நல்லது. ஆற்றங்கரை வாங்கில் உட்கார்ந்து கையால் பிசைந்து சாப்பிடுவதில் வெட்கப்பட எதுவும் இல்லை. சாப்பிட்ட பின் ஒரு தாளைக்கூட விட்டுவிட்டு வரக்கூடாது, கைத்தொலைபேசியில் பாட்டை உரக்கப் போடக்கூடாது என்பவைதான் முக்கியம். பொதுக் கழிப்பறை கிடைப்பது அரிது என்பதால், ஒரு கஃபேயில் காப்பி குடித்துவிட்டு அங்கேயே போய்வருவது எல்லாருடைய வழக்கமும்.

பார்க்க என்ன இருக்கிறது என்றால், 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சென் மர்த்தன் தேவாலயம் இருக்கிறது. ஊரின் வடபகுதியில், 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒரு செல்வந்தர் தம் தோட்டத்துக் குளக்கரையில் கட்டிய சீனப் பாணி மண்டபம் இருக்கிறது. ஊருக்குப் பின்னால், ஒரு காலத்தில் கொன்தி இளவரசர்கள் வேட்டையாடிய காடு விரிந்து கிடக்கிறது. காட்டுக்குள் நெருப்பு மூட்டக் கூடாது. திரும்பி வந்ததும் காலில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள், அது லைம் என்ற நோயைப் பரப்பக்கூடியது. மெரி என்று சொல்லும் நகரசபைக் கட்டடத்தையும் பாருங்கள். பிறப்புப் பதிவு பிள்ளை பிறந்த ஊரின் மெரியிலும், திருமணம், பிள்ளையின் பள்ளிச் சேர்ப்பு போன்றவை நாளை நீங்கள் குடியிருக்கும் ஊரின் மெரியிலும் நடக்கும். பிரான்சில் அநேகமாக எல்லா ஊரிலும் போரில் இறந்தவர்களின் பெயர் பொறித்த நினைவுக்கல் ஒன்று இருக்கும். ஒரே குடும்பப் பெயர் இரண்டு மூன்று முறை வருவதைக் காணும்போது, அந்த வீட்டில் என்ன நடந்திருக்கும் என்பது நமக்கு யாரும் விளக்காமலே விளங்கும்.

நேரம் மிச்சமிருந்தால் அதே ஆற்றங்கரையில் ஓவேர்-சூர்-உவாஸ் என்ற ஊர்வரை போகலாம்; பொந்துவாஸ் திசையில் வல்மோந்துவாவுக்கு அப்பால் அதன் நிலையம். ஓவியர் வான் கோ 1890 மே மாதம் அங்கே வந்து, ஜூலை 29 அன்று இறக்கும்வரை அநேகமாக நாளுக்கொரு படமாக வரைந்து தள்ளினார். அவர் தங்கிய ராவூ விடுதி, வரைந்த தேவாலயம், கோதுமை வயல் எல்லாம் நடை தூரத்தில் இருக்கின்றன. மேட்டில் உள்ள கல்லறைத் தோட்டத்தில் அவரும் அவர் தம்பி தியோவும் அருகருகே, ஒரே பச்சைப் படர்கொடியின் கீழ் கிடக்கிறார்கள். தம்பி அனுப்பிய பணத்தில் வாழ்ந்த அண்ணன் அவர். வீட்டுக்குப் பணம் அனுப்பும் நம்மவர்கள் அந்த இடத்தில் சற்று அதிக நேரம் நிற்பதைக் கண்டிருக்கிறேன்.

இப்படி ஒரு நாள் போய்வந்தவர்களில் சிலர், அங்கேயே வீடு பார்த்துவிடலாம் என்று உடனே புறப்படுகிறார்கள். அவசரப்பட வேண்டாம். லீல்-அதாம் வசதியானவர்கள் வாழும் ஊர். வாடகை குறைவாக இருக்கும் என்று எண்ணிப் போகாதீர்கள். பெர்சான் போன்ற பக்கத்து ஊர்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பார்த்த ஊரை ஒரு திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கும் போய்ப் பாருங்கள். உணவகத்தில் இரவு வேலை செய்கிறவராக இருந்தால், பாத்திரம் கழுவி முடித்து வெளியே வரும் நேரத்துக்குப் பிறகு கார் து நோரிலிருந்து கடைசி வண்டி எத்தனை மணிக்கு, பாதைத் திருத்த வேலை நடக்கும் இரவுகளில் அது எத்தனை மணிக்கு என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, அதன் பிறகே வீட்டுக்காரரோடு பேசுங்கள்.