கரண்ட் பில்லுக்குக் கடன் வாங்குகிறீர்களா? அட்டையைப் பாருங்கள்

காரைக்குடியில் எங்கள் தெருவில் கொட்டான் (ஓலைக் கூடை) முடையும் அக்கா ஒருவர், கரண்ட் பில் வந்தாலே தண்டலுக்கு வாங்கித்தான் கட்டுவார். மின் கணக்கு குறிக்கும் அட்டையை வாங்கிப் பார்த்தேன். 520 யூனிட்!

இரண்டு மாதத்துக்கு ஒரு கணக்கு, முதல் 100 யூனிட் இலவசம். இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் 500-ஐத் தாண்டிவிட்டால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்குக் கிடைக்கும் குறைந்த விலை போய்விடும். 20 யூனிட் கூடியதற்கு 200 ரூபாய்க்கு மேல் அதிகம் அழ வேண்டும்.

அவர் குடியிருப்பது பழைய வீட்டின் பின்கட்டு. வெளிச்சமே வராது. பகலிலும் 60 வாட் குண்டு பல்பு எரியும். தினம் 14 மணி நேரம் என்றால் இரண்டு மாதத்தில் 50 யூனிட். அதே இடத்தில் 9 வாட் எல்இடி போட்டால் 8 யூனிட்கூட வராது. முதலில் அந்த பல்பை மாற்றுங்கள்.

கணக்கெடுத்த நாளிலிருந்து கட்ட 20 நாள் உண்டு. முடியாது என்று தெரிந்தால் கடைசி நாள்வரை காத்திருக்காமல் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் தவணை கேட்டு எழுதிக் கொடுங்கள். அளவு தப்பாகத் தோன்றினால் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்குப் போன் போடுங்கள்: 94987 94987.