மணாலி – காசா கரடுமுரடுப் பாதை: பைக் குழுவுக்குத் திட்டம் போடுவது எப்படி?

இமாச்சலப் பிரதேசத்தில் மணாலியிலிருந்து ஸ்பிதியின் காசாவுக்குப் போகும் வழியில், கிராம்ஃபூவிலிருந்து பாத்தல் வரையிலான கரடுமுரடுப் பகுதி ஏறக்குறைய 50 கிலோமீட்டர். மேப்பில் பார்த்தால் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும் போலத்தான் தெரியும். எட்டு வண்டி சேர்ந்து போனால் நான்கு மணி நேரம் பிடிக்கும். இந்த வித்தியாசத்தைக் கணக்கில் எடுக்காத குழுக்கள்தான் பிற்பகலில் நாலாவின் (மலை ஓடையின்) கரையில் மாட்டிக்கொண்டு நிற்கின்றன.

தனியாக ஓட்டத் தெரிந்தவர்களுக்குத்தான் இந்தப் பதிவு. நின்றுகொண்டு ஓட்டுவது, கிளட்சை நழுவவிட்டு மெதுவாக ஏறுவது போன்றவற்றை இங்கே சொல்லப் போவதில்லை. குழுவாகப் போகும்போது எது மாறுகிறது என்பது மட்டும்தான்.

1. முதலில் தண்ணீரின் நேரம், பிறகு உங்கள் நேரம்

சத்ரூ, சோட்டா தாரா பக்கம் சாலையின் குறுக்கே ஓடும் நாலாக்கள் எல்லாம் பனி உருகி வரும் தண்ணீர். விடியற்காலையில் குறைவாக இருக்கும். வெயில் ஏற ஏறப் பெருகி, பிற்பகலிலும் மாலையிலும் உச்சத்துக்குப் போகும். காலையில் கணுக்கால் அளவு ஓடிய இடம் மூன்று மணிக்கு முழங்காலைத் தாண்டும். அதனால் திட்டத்தைக் கடைசியிலிருந்து முன்னோக்கிப் போடுங்கள்.

பாத்தலை 11 மணிக்குள் தொட வேண்டும். 50 கிலோமீட்டரை மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க மூன்று மணி இருபது நிமிடம். ஒரு பஞ்சர், ஒரு டீ, நாலாக்களில் காத்திருப்பு எல்லாம் சேர்த்து இன்னும் ஒரு மணி நேரம். ஆக, கிராம்ஃபூவை விட்டு 6:30-க்குக் கிளம்பியாக வேண்டும். மணாலியில் தூங்கி எழுந்தால் இது நடக்காது. இருட்டில், குளிரில் கிளம்ப வேண்டிவரும். முந்தைய இரவு அடல் சுரங்கத்தைத் தாண்டி சிஸ்ஸுவில் தங்குங்கள். சுமார் 3,100 மீட்டர் உயரம், உடம்பு பழகவும் நல்ல இடம். முடிந்தால் இரண்டு இரவு. சுரங்கம் வழியாகப் போனால் ரோதாங் பர்மிட்டும் வேண்டாம்.

முதல் நாளே சந்திரதால் ஏரிப் பக்கம் வண்டியைத் திருப்பலாம் என்று குழுவில் ஒருவராவது கேட்பார். வேண்டாம். 3,100 மீட்டரில் தூங்கியவர்கள் அடுத்த இரவே 4,200 மீட்டருக்கு மேல் தூங்கினால் பாதிப் பேருக்குத் தலைவலி நிச்சயம். குன்சும் கணவாய் 4,500 மீட்டருக்கு மேல் இருந்தாலும் அதைக் கடந்து இறங்கிவிடுகிறோம். காசாவில் சுமார் 3,700 மீட்டரில் தூங்கலாம். சந்திரதாலைத் திரும்பும் பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஓர் இரவு தங்கிவிட்டு மறுநாள் விடிந்ததும் இறங்கினால், நாலாக்கள் எல்லாம் காலையிலேயே வந்துவிடும். காசாவிலிருந்து காலை கிளம்பி ஒரே நாளில் மணாலி போய்விடலாம் என்று வந்தால், அதே நாலாக்களைப் பிற்பகலில் சந்திப்பீர்கள்.

குன்சும் வழக்கமாக மே கடைசியிலோ ஜூனிலோ திறந்து அக்டோபர் வாக்கில் மூடும். புதியவர்கள் உள்ள குழுவுக்கு செப்டம்பர்தான் என் ஓட்டு. மழை ஓய்ந்திருக்கும், தண்ணீரும் இறங்கியிருக்கும்.

2. எத்தனை பேர்?

ஆறு நல்லது, எட்டு எல்லை. அதற்கு மேல் போனால் இரண்டு குழுவாகப் பிரித்து, அரை மணி இடைவெளியில் அனுப்புங்கள். ஒவ்வொரு குழுவுக்கும் தனி லீட் (முன்னால் வழிகாட்டுபவர்), தனி ஸ்வீப் (எல்லோருக்கும் கடைசியில் வருபவர்), தனி டூல்ஸ். குழுவின் வேகத்தை மெதுவாக ஓட்டுபவரும், தூரத்தைச் சின்ன டேங்க் உள்ள வண்டியும் தீர்மானிக்கின்றன. பில்லியனோடு வருபவர் நாலாவில் பின்னால் இருப்பவரை இறக்கி நடக்கவிட வேண்டியிருக்கும். அந்த நேரத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

3. லீட், ஸ்வீப், மார்க்கர்

பெரும்பாலான குழுக்கள் சொதப்பும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாக.

“கண்ணாடியில் பின்னால் வருபவரைப் பார்த்துக்கொண்டே போங்கள்” என்ற விதி நெடுஞ்சாலையில் சரி. இங்கே கொண்டை ஊசி வளைவும் புழுதியும் சேர்ந்தால் 30 மீட்டர் பின்னால் இருப்பவரே தெரிய மாட்டார். கண்ணில் படுவதற்காகவே எல்லோரும் நெருங்கி ஓட்டுவார்கள், புழுதியைத் தின்பார்கள், முன்னால் போகிறவர் விழுந்தால் அவர் மேலேயே ஏறுவார்கள்.

அதற்குப் பதில் மார்க்கர் முறை. லீட், ஸ்வீப் இருவரும் நாள் முழுக்க மாற மாட்டார்கள். சாலை பிரியும் ஓர் இடம், ஒரு நாலா, அல்லது ஓர் ஆபத்தான வளைவு வந்தால் லீட் வேகத்தைக் குறைத்து, ஓர் இடத்தைக் கையால் காட்டுவார். அவருக்கு அடுத்து வரும் வண்டி அங்கே நின்றுவிட வேண்டும்; அவர்தான் மார்க்கர். மற்றவர்கள் அவரைக் கடந்து போவார்கள். ஸ்வீப் வந்ததும் அவர் வண்டியைக் கிளப்பி ஸ்வீப்புக்கு முன்னால் சேர்ந்துகொள்வார். அடுத்த இடத்தில் அப்போது இரண்டாவதாக இருப்பவர் நிற்பார். யாரையும் யாரும் பார்த்துக்கொண்டே ஓட்ட வேண்டியதில்லை. முன்னால் இருப்பவருக்கும் உங்களுக்கும் 100 மீட்டர் இடைவெளி விடலாம்.

இது எங்கே உடைகிறது என்றால்:

நிற்பவர் வண்டிகளை எண்ணிக்கொண்டிருப்பார். நடுவில் வேறு குழுவின் வண்டி ஒன்று புகுந்துவிடும். எட்டாவது வண்டி போய்விட்டது என்று கிளம்பிவிடுவார். பின்னால் வருகிற நம் ஆள் கிராம்ஃபூ பிரிவில் ரோதாங் பக்கம் ஏறிவிடுவார். அதனால் எண்ணவே கூடாது. ஸ்வீப் பக்கத்தில் வந்து நின்று, கையைத் தூக்கிய பிறகுதான் நகர வேண்டும். ஸ்வீப்புக்கு மட்டும் ஒளிரும் ஆரஞ்சு அல்லது பச்சை ஜாக்கெட். வேறு யாருக்கும் அந்த நிறம் கூடாது.

அடுத்தது, காத்திருக்கும் பொறுமை. இருபது நிமிடம் யாரும் வரவில்லை என்றால் மார்க்கர் என்ன செய்வது? நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். தேடிப் போவது லீடின் வேலை: 20 நிமிடம் ஸ்வீப் வரவில்லை என்றால் லீட் திரும்பி வருவார், வழியில் ஒவ்வொரு மார்க்கரும் அவருக்குத் தகவல் சொல்வார்கள். மார்க்கர் தன் இஷ்டத்துக்குத் திரும்பிப் போனால் அந்தச் சங்கிலி அறுந்துவிடும். இதைக் கிளம்பும் முன்பே வாய்விட்டுச் சொல்லி, ஒவ்வொருவரையும் திரும்பச் சொல்லவைத்துக் கேளுங்கள். கிராம்ஃபூவுக்கு முன்னால் வரும் கோக்சரைத் தாண்டினால், குன்சுமுக்கு அப்பால் இருக்கும் லோசர் வரை மொபைல் சிக்னலை நம்ப முடியாது. போனில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்ற நினைப்பே வேண்டாம்.

மார்க்கர் நிற்கும் இடமும் முக்கியம். வளைவுக்குள் நின்றால் பின்னால் வருபவர் நேராக வந்து மோதுவார். வளைவுக்கு முன்னால், பள்ளத்தாக்குப் பக்கம் இல்லாமல், வண்டியை ஓரம் தள்ளி நிறுத்தி, மனிதர் மட்டும் தெரிய நிற்க வேண்டும்.

டூல்ஸ் எப்போதும் ஸ்வீப்பிடம். லீடிடம் கொடுக்கும் குழுக்கள்தான் அதிகம். ஆனால் கெட்டுப்போகிற வண்டி எப்போதும் லீடுக்குப் பின்னால்தானே நிற்கும்!

4. நாலாவைக் கடப்பது

லீட் இறங்கி நடந்து பார்க்க வேண்டும். நடக்கும்போதே கால் இழுபட்டால் காத்திருங்கள், அல்லது லாரி ஒன்று வரும்வரை நின்று அது எங்கே முங்குகிறது என்று பாருங்கள். சலசலத்து நுரைக்கும் இடத்தில் ஆழம் குறைவு, கல் அதிகம். அமைதியாகக் கறுத்துத் தெரியும் இடத்தில் ஆழம் அதிகம்.

ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான். முதல் கியர், சீரான ஆக்ஸிலரேட்டர், பார்வை எதிர்க்கரையில். உதவிக்கு நிற்பவர்கள் நீரோட்டம் வரும் பக்கம் நிற்க வேண்டும். வண்டி பெரும்பாலும் ஓட்டம் போகும் பக்கமாகச் சாயும். அந்தப் பக்கம் நின்றால் கிட்டத்தட்ட 200 கிலோ உங்கள் மேல் விழும், தண்ணீருக்குள்.

விழுந்து இன்ஜின் நின்றுவிட்டதா? செல்ஃப் போடாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் அதை அமுக்க முடியாமல் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். கரைக்குத் தள்ளி, ஏர் ஃபில்டர் பெட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு இன்ஜினைச் சுற்றவிடுங்கள். ஓட்டை வழியாகத் தண்ணீர் பீய்ச்சி அடிக்கும். அது நின்ற பிறகுதான் பிளக்கைத் திரும்பப் போட வேண்டும்.

5. காற்றும் பெட்ரோலும்

ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411-க்கு கம்பெனி சொல்வது முன்சக்கரம் 25, பின்சக்கரம் 32 பிஎஸ்ஐ. கல் பாதையில் 22, 26 போதும். அதற்குக் கீழே இறக்கினால் டியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே நசுங்கி, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும். காற்றை கிராம்ஃபூவில் குறையுங்கள், மணாலியில் வேண்டாம். வெளிக்காற்றின் அழுத்தம் மேலே குறைவதால், மணாலியில் 25 வைத்த டயர் குன்சும் உச்சியில் கேஜில் 28 காட்டக்கூடும்.

மணாலியிலிருந்து காசா ஏறக்குறைய 200 கிலோமீட்டர், நடுவில் பங்க் கிடையாது. தண்டி பங்க் கேலாங் பக்கம், நம் வழியில் வராது. வழக்கமான மைலேஜில் 70 சதவீதத்தை வைத்துக் கணக்குப் போடுங்கள்: 35 கொடுக்கும் வண்டிக்கு 24. ஹீரோ எக்ஸ்பல்ஸின் 13 லிட்டர் டேங்குக்கே 300 கிலோமீட்டருக்கு மேல் வருகிறது. ஆளுக்கு இரண்டு கேன் கட்டித் தொங்கவிடுவது வெறும் பாரம். குழுவுக்கு ஒரே ஒரு 5 லிட்டர் கேன் போதும். காசாவில் இறங்கிய அன்றே டேங்கை நிரப்பிவிடுங்கள். ஸ்டாக் இல்லை என்ற பலகை தொங்கினால் காத்திருக்க ஒரு நாளாவது கையில் இருக்கும்.

உயரத்தில் காற்று மெலிந்து இன்ஜின் வலு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறையும். கார்புரேட்டர் வண்டிகள் இருமும். கோளாறு என்று நினைத்துப் பிரிக்க வேண்டாம்.

6. ஸ்வீப் பையில் என்ன?

முன் டியூப் ஒன்று, பின் டியூப் ஒன்று, மூன்று டயர் லீவர், பஞ்சர் கிட், பேட்டரியில் மாட்டும் சின்ன கம்ப்ரெசர், அது கைவிட்டால் கைப்பம்ப். 21 இன்ச் முன் டியூப் அவசரத்துக்குப் பின்சக்கரத்திலும் உட்காரும். இடம் இல்லையென்றால் அதை மட்டுமாவது எடுங்கள். கிளட்ச் கேபிள், லீவர்கள், ஃபியூஸ், பிளக், கம்பி, டேப், ஜிப் டை. எம்-சீல் (ஓட்டை அடைக்கும் பசை) இரண்டு பாக்கெட்: கல் அடித்து இன்ஜின் அடியில் ஓட்டை விழுந்தால் காசா வரை அதுதான் கதி. செயின் லிங்க் வண்டிக்கு வண்டி அளவு மாறும் (428, 520, 525), அவரவரே கொண்டுவர வேண்டும். அச்சு நட் ஸ்பேனரும் அப்படியே. மணாலியில் வாடகைக்கு எடுத்த வண்டி என்றால், அதன் பின்சக்கரத்தைக் கழற்ற எந்த ஸ்பேனர் வேண்டும் என்று கடையிலேயே கேட்டு வாங்குங்கள்.

உயிர்காக்கும் விஷயம் ஒன்று. தலைவலியோடு வாந்தி வந்தால் அதற்கு மேல் ஏற்றாதீர்கள். நடை தள்ளாடினால், குழப்பமாகப் பேசினால் உடனே இறக்க வேண்டும்: பாத்தல் பக்கம் இருந்தால் கோக்சருக்கு, குன்சுமைத் தாண்டியிருந்தால் காசாவின் அரசு மருத்துவமனைக்கு. அவரை ஓட்டவிடக் கூடாது. வண்டியைப் பாத்தல் டாபாவில் விட்டுவிட்டு வந்தாலும் பரவாயில்லை.

பின்சேர்க்கை: வாக்கி-டாக்கி கேட்டவர்களுக்கு

ஹெல்மெட் இன்டர்காம் நல்லதுதான். ஆனால் மலை குறுக்கே வந்தால் அறுந்துவிடும், வேறு வேறு கம்பெனி செட்கள் எளிதில் ஒட்டாது. 446 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் குறைந்த சக்தி வாக்கி-டாக்கிகளுக்கு இந்தியாவில் தனி லைசென்ஸ் தேவையில்லை. லீடுக்கு ஒன்று, ஸ்வீப்புக்கு ஒன்று போதும். மார்க்கர் முறைக்கு மாற்றாக அதை நினைக்காதீர்கள்.

சிங்கப்பூர், மலேசியா, இலங்கையிலிருந்து வந்து சேர்ந்துகொள்பவர்களுக்கு: அங்கே சாதாரணமாக விற்கும் சாட்டிலைட் போனையும், இன்ரீச் மாதிரியான சாட்டிலைட் மெசஞ்சரையும் கொண்டுவராதீர்கள். தொலைத்தொடர்புத் துறை அனுமதியின்றி வைத்திருப்பது இந்தியாவில் குற்றம். விமான நிலையத்திலேயே பிடிப்பார்கள். காசாவுக்கு அப்பால் கின்னோர் வழியாக வெளியேறுவதாக இருந்தால் வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டுக்கு பர்மிட்டும் தேவை. காசாவிலேயே வாங்கலாம், ஆனால் அலுவலக நாளாகப் பார்த்துப் போய்ச் சேருங்கள்.