எஸ்2000 எஞ்சினைச் சிவப்புக் கோடு வரை ஓட்டுவது எப்படி?

ஹோண்டா எஸ்2000 வாங்கிய தம்பிகள் கிள்ளானில் எங்கள் பட்டறைக்கு வந்ததும் முதலில் கேட்பது இதைத்தான்: "அண்ணே, ஒன்பதாயிரம் வரை மிதித்தால் எஞ்சின் தாங்குமா?" தாங்கும். நிமிடத்துக்கு ஒன்பதாயிரம் சுற்று, அதாவது சுற்றுமானியின் சிவப்புக் கோடு வரை, ஓடுவதற்காகவே செய்த எஞ்சின் அது. எண்ணெய் சூடேறியிருக்க வேண்டும், போதிய அளவில் இருக்க வேண்டும், கியர் சரியாக விழ வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் தயங்காமல் மிதியுங்கள். இல்லாதபோது ஐயாயிரமே அதிகம்.

நான் சொல்வது 1999இல் வந்த முதல் மாடலின் எஃப்20சி எஞ்சினைப் பற்றி. 1997 சி.சி., டர்போ கிடையாது. ஜப்பான் சந்தைக்கு வந்த வண்டியில் 8300 சுற்றில் 250 குதிரைத்திறன். பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம், அதாவது வீச்சு, 84 மி.மீ.; 9000 சுற்றில் அதன் சராசரி வேகம் நொடிக்கு 25 மீட்டரைத் தாண்டுகிறது. சாலையில் ஓடும் காருக்கு இது மிகப் பெரிய வேகம். சுற்று ஒன்றரை மடங்கானால் பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராடை இழுக்கும் விசை இரண்டேகால் மடங்காகும். பின்னால் அமெரிக்காவுக்காக 2.2 லிட்டராக மாற்றியபோது வீச்சை 90.7 மி.மீ. ஆக்கினார்கள், உடனே சிவப்புக் கோட்டை 8000க்கு இறக்கிவிட்டார்கள். அந்தக் கோடு ஏதோ அலங்காரத்துக்கு வரைந்ததல்ல.

முதலில் சூடு. இந்த வண்டியின் மீட்டர் காட்டுவது குளிர்நீரின் வெப்பத்தை மட்டும்தான். நீர் சீக்கிரம் சூடாகிவிடும்; எண்ணெய் பின்தங்கியே வரும். நீர் மீட்டர் வழக்கமான இடத்தில் வந்து நின்ற பிறகும் ஒரு பத்து நிமிடம் 4000க்குக் கீழேயே ஓட்டுங்கள். வீட்டு வாசலில் நிறுத்தி உறுமவிட்டுச் சூடேற்றுவது அண்டை வீட்டாரை எழுப்புமே தவிர எஞ்சினுக்கு ஒரு நன்மையும் செய்யாது. மெதுவாக ஓட்டிச் சூடேற்றுவதே மேல். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது விடெக் (உயர்ந்த சுற்றில் வால்வுகளை அதிகம் திறக்கும் ஏற்பாடு) இயங்காதபடி ஹோண்டாவே தடுத்து வைத்திருக்கிறது. பி.எம்.டபிள்யூ ஈ46 எம்3 வண்டியிலோ சுற்றுமானியில் விளக்குகளே வைத்தார்கள். எண்ணெய் சூடேற ஏற அவை ஒவ்வொன்றாக அணையும். எஸ்2000இல் அந்த வசதி இல்லை. பந்தயத் தடத்துக்குப் போகிறவர் எண்ணெய் வெப்பமானி ஒன்றைப் பொருத்திக்கொள்வது நல்லது. 80 டிகிரிக்குக் கீழே முழு மிதி வேண்டாம். 100 முதல் 120 வரை கவலையில்லை. 130ஐத் தாண்டினால் வேகத்தைக் குறையுங்கள்.

அடுத்தது எண்ணெய் அளவு. உயர்ந்த சுற்றில் ஓட்டினால் இந்த எஞ்சின் எண்ணெய் குடிக்கும். அது நோயல்ல, சுபாவம். எச்சரிக்கை விளக்கு எரியட்டும் என்று காத்திருப்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். அது அழுத்தம் போன பிறகு எரியும் விளக்கு, அளவு குறைந்தால் எரிவதல்ல. ஒவ்வொரு முறை பெட்ரோல் நிரப்பும்போதும் டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். தடத்தில் மேல் கோட்டை ஒட்டியே இருக்கட்டும். சிப்பாங் பந்தயத் தடத்தில் ஐந்தாம், ஆறாம் வளைவுகள் நீளமானவை, வேகமானவை. அங்கே எண்ணெய் ஒரு பக்கமாக ஒதுங்கும். அளவு குறைவாக இருந்தால் பம்பு காற்றை உறிஞ்சும், பேரிங் போய்விடும். ஆக்டேன் 97 பெட்ரோல் போடுங்கள். மிச்சம் பிடிக்க வேறு வழிகள் உண்டு.

எங்கே கியர் மாற்றுவது? முதல் கியரில் 9000இல் மாற்றினால் இரண்டாவதில் முள் ஏறத்தாழ 5900இல் விழும். விடெக் தொடங்கும் விளிம்பு அது. அதற்கு முன்பே மாற்றினால் இழுவை தொங்கிப்போகும். மேல் கியர்களில் நிலைமை வேறு: மூன்றாவதிலிருந்து நான்காவதுக்குப் போனால் 7000க்குக் குறையாது. ஆகவே அங்கே 8500இல் மாற்றினாலும் இழப்பு சிறிதுதான். எப்படியானாலும், சுற்று எல்லை மீறாமல் தடுக்கும் லிமிட்டரில் முட்டிக்கொண்டே நிற்க வேண்டாம். ஆறாவது கியரில் 1500 சுற்றில் முழுக்க மிதித்து மேடேறுவதும் எஞ்சினுக்கு வதைதான்; ஓர் கியர் இறக்குங்கள்.

சிப்பாங் வெயிலில் தடத்தை ஒரு முறை மெதுவாகச் சுற்றுங்கள், நான்கைந்து முறை வேகமாக, மறுபடி ஒரு முறை மெதுவாக. பிட்டுக்கு வந்ததும் எஞ்சினை ஓரிரு நிமிடம் ஓடவிட்டு அணையுங்கள். கைப்பிரேக்கை இழுக்காமல் கியரில் நிறுத்துங்கள்.

இனி, நான் பார்த்தவரை எஃப்20சி எஞ்சின்களை உண்மையில் கொல்வது எதுவென்று சொல்கிறேன்: தவறான கியர். மூன்றாவதில் 9000 வரை போய் நான்காவதுக்கு இழுக்கும்போது கை தவறி இரண்டாவதில் விழுந்து கிளட்ச்சையும் விட்டுவிட்டால், சக்கரங்களே எஞ்சினை 12,400 சுற்றுக்கு இழுத்துச் செல்லும். லிமிட்டர் பெட்ரோலைத்தான் நிறுத்தும். சக்கரத்தை அதனால் நிறுத்த முடியாது. வால்வு ஸ்பிரிங்கால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் வால்வு பிஸ்டனில் இடிக்கும். வலப்பக்க ஸ்டீயரிங் உள்ள நம் வண்டிகளில், வலது வளைவில் உடல் இடப்பக்கம் சாயும். கையும் கூடவே சாய்ந்து கியர்த்தண்டை இரண்டாவது பக்கம் தள்ளும். அதனால் வளைவு முடிந்து வண்டி நேராகட்டும், பிறகு மாற்றுங்கள். தண்டை இறுகப் பிடிக்காமல் நேராகப் பின்னால் இழுங்கள். அதன் ஸ்பிரிங்கே நடுவில் நிறுத்திக்கொள்ளும். கியர் இறக்கும்போது வேகத்தைப் பாருங்கள்: ஏறத்தாழ 105 கி.மீ.க்கு மேல் இரண்டாவது கிடையாது.

அப்படி ஒருமுறை நடந்துவிட்டால், வண்டி ஒழுங்காகத்தானே ஓடுகிறது என்று வீட்டுக்கு ஓட்டிப் போகாதீர்கள். பழைய மாடலின் வால்வு ரிடெய்னர்கள் (ஸ்பிரிங்கை வால்வோடு பிடித்துவைக்கும் தட்டுகள்) இதில் விரிசல் விடுவதற்குப் பேர்போனவை. விரிசல் விட்ட ரிடெய்னர் பல வாரம் சத்தமில்லாமல் ஓடிவிட்டு, பிறகு ஒருநாள் உடைந்து வால்வை சிலிண்டருக்குள் இறக்கும். வண்டியை இழுவை லாரியில் ஏற்றிப் பட்டறைக்கு அனுப்புங்கள். வால்வு மூடியைக் கழற்றி ரிடெய்னர்களை ஒவ்வொன்றாகப் பார்க்கச் சொல்லுங்கள். வால்வு இடைவெளியை அளக்கச் சொல்லுங்கள். கம்ப்ரெஷன் சோதனையும் கசிவுச் சோதனையும் செய்யச் சொல்லுங்கள். ரிடெய்னர்களைப் பிந்திய மாடலுடையதாக மாற்றிவிட்டால் இன்னும் நல்லது. புது எஞ்சின் விலையோடு ஒப்பிட்டால் அந்தச் செலவு ஒன்றுமே இல்லை.