சைக்ளோஸ்போரின் சாப்பிடுகிறவர்கள் ஈறைப் பார்த்துக்கொள்வது எப்படி?

நான் தையல்காரி. நூலைப் பல்லால் கடித்து அறுப்பது சின்ன வயசிலிருந்தே பழக்கம். கிட்னி மாற்று ஆபரேஷன் முடிந்த நாலாவது மாதம், வெள்ளை நூல் ஒன்று முன்பல் சந்தில் மாட்டிக்கொண்டது. உருவினால் நூல் முழுக்க ரத்தம். கண்ணாடியில் பார்த்தேன். இரண்டு பல்லுக்கு நடுவில் முக்கோணமாக இருக்கும் ஈறு, ஊறின உளுந்து மாதிரி உப்பிப் பல் மேல் ஏறியிருந்தது. வலியே இல்லை. அதனால்தான் நிறையப் பேர் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுகிறார்கள்.

புதுக் கிட்னியை உடம்பு ஒதுக்காமல் இருக்கத் தரும் சைக்ளோஸ்போரின் சிலருக்கு ஈறுச் சதையை வளர்த்துவிடும். பிரஷருக்கு அம்லோடிபினோ நிஃபெடிபினோ கூடச் சேர்ந்தால் இன்னும் வளரும். பிள்ளைகளுக்கு இது அதிகம் வரும். பல்லோரத்தில் படியும் அழுக்கு இதை மோசமாக்கும். நம்மால் எடுக்க முடிந்தது அந்த அழுக்கைத்தான்.

அதற்கு முன்னால் ஒன்று. மாத்திரையை ஒரு வேளைகூட நீங்களாக நிறுத்தாதீர்கள், குறைக்காதீர்கள். எனக்குள் இருப்பது அம்மா கொடுத்த கிட்னி. ஈறுக்காக அதைப் பறிகொடுக்க முடியுமா? கிட்னி டாக்டரிடம் காட்டுங்கள். சைக்ளோஸ்போரினுக்குப் பதிலாகத் தரும் டாக்ரோலிமஸுக்கு மாற்றலாமா, பிரஷர் மாத்திரையை மாற்றலாமா என்று அவர் பார்ப்பார். எனக்குப் பிரஷர் மாத்திரையை மட்டும் மாற்றினார்.

அப்புறம் பல் தேய்ப்பது. சாஃப்ட் பிரஷ் வாங்குங்கள். நார்களில் பாதி ஈறிலும் பாதி பல்லிலும் படுகிற மாதிரி சாய்த்துப் பிடித்து, அழுத்தாமல், அதே இடத்தில் குட்டிக் குட்டியாக அசையுங்கள். காலையில் ஒரு தடவை, ராத்திரி படுக்கப்போகும் முன் ஒரு தடவை, இரண்டு இரண்டு நிமிஷம். ரத்தம் கசிகிற இடத்தை விட்டுவிடத்தான் கை போகும். நானும் பயந்து பத்து நாள் அந்த இடத்தைத் தேய்க்காமல் விட்டேன், அங்கேதான் வீக்கம் கூடியது. மெதுவாக, ஆனால் அந்த இடத்தையும் சேர்த்துத் தேய்க்க வேண்டும். பல் சந்துக்கென்றே பாட்டில் கழுவும் பிரஷ் மாதிரி பொடிசாக ஒன்று மருந்துக்கடையில் கிடைக்கும். எந்த அளவு சரி என்று பல் டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள். கரித்தூள், உப்புத்தூள் வேண்டாம். ஊசி, பின் கொண்டு குத்தவே கூடாது.

பல் டாக்டரிடம் போகும்போது எல்லா மாத்திரை அட்டையையும் கையோடு கொண்டுபோங்கள். நான் முதலில் வெறுங்கையோடு போனேன். வலிக்கு டைக்ளோஃபெனாக், கூடவே கிருமிக்குக் கிளாரித்ரோமைசின் என்று எழுதிக்கொடுத்தார்கள். நல்லவேளை, வாங்கும் முன்னே சீட்டைக் கிட்னி டாக்டருக்கு அனுப்பினேன். டைக்ளோஃபெனாக் கிட்னியைக் கெடுக்கும். கிளாரித்ரோமைசின் ரத்தத்தில் சைக்ளோஸ்போரின் அளவை ஏற்றிவிடும். அவரைக் கேட்காமல் எதையும் விழுங்காதீர்கள், நாட்டு மருந்து உள்பட.

எனக்கு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கிளீனிங். பல் டாக்டர் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமி கொல்லும் மருந்துத் தண்ணீரைக் கொப்பளிக்கச் சொன்னால் பல் தேய்த்து அரை மணி நேரம் கழித்துச் செய்யுங்கள். ரொம்ப நாள் தொடர்ந்தால் பல்லில் பழுப்புக் கறை பிடிக்கும், அதனால் அவர் சொன்ன நாளோடு நிறுத்துங்கள். சதை பல்லையே மூடி மெல்ல முடியாமல் போனால் வெட்டி எடுப்பார்கள். மருந்து தொடர்வதால் அது திரும்ப வளரவும் கூடும், பல் தேய்ப்பதை அப்போதும் விடக்கூடாது.

ஆறாத புண், ஒரு பக்கம் மட்டும் திடீரென்று கட்டி, தயிர் ஒட்டின மாதிரி வெள்ளைப் படலம் இதில் எது தெரிந்தாலும் அடுத்த செக்கப் வரட்டும் என்று இருக்காதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜன்னல் வெளிச்சத்தில் உதட்டைத் தூக்கிப் போனில் ஒரு படம் எடுத்துப் போன வாரப் படத்தோடு வைத்துப் பார்ப்பேன். நூல் வெட்டக் கத்தரிக்கோலை நாடா போட்டு மெஷினிலேயே கட்டிவிட்டேன்.