மேலாண்மையில் பிஎச்டி: சறுக்கும் இடங்கள்

மேலாண்மையில் பிஎச்டி பண்ணுகிறவரிடம் "என்ன கேள்விக்குப் பதில் தேடுகிறீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் தலைப்பைச் சொல்வார்கள். தலைப்பு வேறு, கேள்வி வேறு. இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைத் தொகுத்து வைத்திருக்கும் சோத்கங்கா தளத்தில் பத்து நிமிடம் உலாவினால், 'ஊழியர்களின் பணித்திருப்தி, ஓர் ஆய்வு' என்ற ஒரே அச்சில் ஊரையும் துறையையும் மட்டும் மாற்றி வார்த்த ஆய்வேடுகள் வரிசையாக வரும். அப்படித் தொடங்கினால் 400 பேரிடம் கேள்விப் படிவம் வாங்கி எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளில் போட்ட பிறகு, வந்த அட்டவணையை என்ன செய்வதென்று தெரியாமல் விழிக்க வேண்டியதுதான். ஒரே கூலி கொடுக்கும் இரண்டு பனியன் கம்பெனிகளில், தீபாவளிக்கு ஊருக்குப் போனவர்கள் ஒன்றுக்கு மட்டும் ஏன் திரும்பி வருகிறார்கள்? இது கேள்வி. தலைப்பை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

படிவம் என்றதும் ஞாபகம் வருகிறது. திருப்பூர்ப் பக்கம் ஒரு நிறுவனத்தில் 60 படிவம் கொடுத்தேன், இரண்டே நாளில் அத்தனையும் திரும்பி வந்ததில் எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டில் கட்டைப் பிரித்தால் எல்லாம் ஒரே நீல மை, ஒரே சாய்வில் டிக், மேலிருந்து கீழே 4, 4, 4, அதாவது எல்லாவற்றுக்கும் 'ஒப்புக்கொள்கிறேன்'. 'இந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது', 4. கொஞ்சம் தள்ளி 'சீக்கிரம் வேலையை விட நினைக்கிறேன்', அதுவும் 4! ஒரே ஆள் உட்கார்ந்து 60 தொழிலாளியாக மாறியிருக்கிறார். அந்தத் தலைகீழ்க் கேள்வி இல்லாமல் போயிருந்தால் அத்தனையும் என் ஆய்வேட்டுக்குள் போயிருக்கும். வாட்ஸ்அப் குழுவில் கூகுள் ஃபார்ம் தட்டிவிடுவதும் கிட்டத்தட்ட இதே கதைதான். முதலில் ஒரு 30 பேரிடம் நீங்களே பக்கத்தில் உட்கார்ந்து நிரப்பி வாங்குங்கள், எந்தக் கேள்வியில் அவர்கள் பேனா நிற்கிறது என்று தெரியும். இன்னொன்று, 'மேனேஜர் நல்லவரா', 'வேலை பிடிக்குமா' இரண்டையும் ஒரே ஆளிடம் ஒரே மூச்சில் கேட்டால் இரண்டுக்கும் தொடர்பு இல்லாவிட்டாலும் இருப்பதாகத்தான் வரும். வைவா என்ற வாய்மொழித் தேர்வில் நல்ல தேர்வாளர் அங்கேதான் பிடிப்பார்.

கைடு, அதாவது ஆய்வு நெறியாளர் விஷயத்தில் பெயரைப் பார்த்து மயங்குகிறோம். அவரிடம் முடித்தவர்கள் எத்தனை பேர், எத்தனை வருடத்தில் என்று சீனியர்களைக் கேண்டீனில் பிடித்து விசாரியுங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2022 விதிப்படி ஒரே நேரத்தில் பேராசிரியர் 8 பேர், இணைப் பேராசிரியர் 6, உதவிப் பேராசிரியர் 4 பேர் வரைதான் எடுக்கலாம், ஓய்வுக்கு மூன்று வருடத்துக்கும் குறைவாக இருப்பவர் புதிதாக ஆள் எடுக்க முடியாது. 'சீட் இருக்கிறது, வாங்க' என்ற வாய்ப்பேச்சை நம்பி வேலையை விட்டுவிடாதீர்கள்.

பகுதிநேரம் என்றால் அலுவலகத்தின் தடையில்லாச் சான்று கட்டாயம். காலம் குறைந்தது 3 வருடம், அதிகபட்சம் 6, மறுபதிவு செய்தால் இன்னும் 2. வேலை, வீடு, குழந்தை என்று ஓடுகிறவருக்கு முதல் இரண்டு வருடம் கோர்ஸ்வொர்க் என்ற ஆரம்பப் பாடங்களிலேயே கரைந்துவிடும். கல்லூரி வேலைக்காகப் படிப்பவர்கள் டிபிஏ என்ற வணிக நிர்வாக டாக்டர் பட்டத்தையும் பிஎச்டியையும் ஒன்றென்று நினைத்துப் பணம் கட்டிவிடக் கூடாது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து 'ஆன்லைன் பிஎச்டி' தருவதாக விளம்பரம் செய்யும் எட்டெக் (இணையவழிக் கல்வி) நிறுவனங்களின் படிப்பு செல்லாது என்று யுஜிசியும் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏஐசிடிஇயும் 2022லேயே அறிவித்துவிட்டன.

கட்டுரை வெளியீட்டுக்கு வருவோம். ஆய்வேட்டுக்கு முன் கட்டாயம் வெளியிட வேண்டும் என்ற யுஜிசி நிபந்தனை 2022 விதிகளில் இல்லை, ஆனால் உங்கள் பல்கலைக்கழகம் தனியாகக் கேட்கலாம், சேரும்போதே பாருங்கள். ஏற்கத்தக்க ஆய்விதழ்கள் எவை என்று சொன்ன கேர் பட்டியலையும் யுஜிசி 2025ல் கைவிட்டுவிட்டதால், மூன்றே நாளில் ஏற்றுக்கொண்டு கட்டணம் கேட்கும் இதழ்களை இனி நாமேதான் வடிகட்ட வேண்டும். பணம் அனுப்பும் முன் அந்த இதழில் வந்த இரண்டு கட்டுரைகளை அச்செடுத்துக் கைடிடம் காட்டுங்கள், அவர் முகம் போகும் போக்கிலேயே தெரிந்துவிடும்.