தங்கவயலை ஸ்டேஷன் பலகைகளில் படிப்பது எப்படி

கர்நாடகத்தின் பழைய தங்கச் சுரங்க ஊரான கோலார் தங்கவயலுக்கு வருவதென்றால், முதல் வேலை கோலாரில் இறங்காமல் இருப்பது. எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்த சென்னை உறவினர்கள் பத்திரிகையில் 'கோலார் தங்கவயல்' என்று பார்த்துவிட்டு கோலாரில் இறங்கி, அங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டர் வந்து சேருவதற்குள் தாலி கட்டியாகிவிட்டது.

பெங்களூரில் மாரிகுப்பம் ரயில் ஏறுங்கள். பங்காருப்பேட்டையிலிருந்து கிளைப்பாதை பிரியும். மைசூர் கமிஷனர் பவுரிங்கின் பெயரால் அந்த ஊர் முன்பு பவுரிங்பேட்டை. கன்னடத்தில் பங்காரா என்றால் தங்கம்; ஓசையும் ஒத்துப்போகிறது, பொருளும் பொருந்துகிறது.

அப்புறம் ஜன்னலோரம் உட்கார்ந்து பலகைகளைப் பாருங்கள். கோரமண்டல், உரிகம், சாம்பியன், மாரிகுப்பம். உரிகமும் மாரிகுப்பமும் பழைய கிராமங்களின் பெயர்கள். மற்ற இரண்டும் சுரங்கத்தோடு வந்தவை. சோழமண்டலம் வெள்ளைக்காரர் வாயில் கோரமண்டல் ஆனது என்பார்கள். கடற்கரையின் பெயர் கடலே இல்லாத இந்த மேட்டுநிலத்தில் ஸ்டேஷனாக நிற்பது எனக்கு இன்றும் வேடிக்கைதான். 1880இல் ஜான் டெய்லர் என்ற பிரிட்டிஷ் சுரங்கக் கம்பெனி வந்த பிறகுதான் இங்கே சுரங்கத் தொழில் வேரூன்றியது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போனது. தாத்தா வட ஆற்காட்டிலிருந்து வந்து இறங்கியது அந்தக் குழியில்தான்.

ஊருக்குள் வந்ததும் பலகைகளை விட்டுவிட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். 'எந்த ஊர்?' என்று ஆரம்பித்தால் ஒற்றை வார்த்தையில் முடித்துவிடுவார்கள். "ஐயா, நீங்க எந்த சாஃப்ட்ல இறங்கினீங்க? எந்த லைன்ல வீடு?" என்று கேளுங்கள். சாஃப்ட் என்பது சுரங்கத்துக்குள் இறங்கும் குழி, லைன் என்பது தொழிலாளர் குடியிருப்பு வரிசை. அதைச் சொன்னாலே பக்கத்து வீட்டுக்காரர், கோயில், சண்டை எல்லாம் வரிசையாக வரும். டீ சொல்லிவிட்டு உட்காருங்கள்.

மண்மேடுகளைச் சைனைடு மலை என்போம். சைனைடு போட்டுத் தங்கம் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சிய பொடி அது. தூரத்திலிருந்து படம் எடுத்துக்கொள்ளுங்கள், ஏற வேண்டாம். மூடிய சாஃப்ட் பக்கமும் போகாதீர்கள்.

சரி, எப்போது கிளம்புவது? காலையில் பெங்களூரிலிருந்து. அந்த நேரம் எதிர்த்திசை ரயிலில்தான் நெரிசல். 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடிய பிறகு ஊரில் பாதிப்பேர் பிழைப்புக்கு அதில்தான் போய்வருகிறார்கள், என் அப்பாவும் ஓய்வு பெறும்வரை அப்படித்தான். மாலையில் திரும்பும்போதும் உங்களுக்கு உட்கார இடம் கிடைக்கும்.